மியூட்டேஷன் வேற, எபிஜெனெடிக்ஸ் வேற: ‘டிஎன்ஏ மாறிடுச்சு’ன்னா உண்மையில எது மாறுச்சு?

2018 மார்ச் மாசம் ஒரு செய்தி உலகம் பூரா சுத்துச்சு. நாசா விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி சர்வதேச விண்வெளி நிலையத்துல தொடர்ந்து 340 நாள் இருந்துட்டு 2016ல பூமிக்கு வந்தாரு, அவரோட டிஎன்ஏல 7 சதவீதம் மாறிப்போச்சு, கீழயே இருந்த இரட்டை சகோதரர் மார்க் கெல்லியும் அவரும் இனிமே ஒரே அச்சுல வார்த்த இரட்டையர் கிடையாது, இப்டித்தான் செய்தி. பெரிய பெரிய சேனலெல்லாம் அப்டியே போட்டாங்க. போட்டவங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். மனுஷன் டிஎன்ஏவையும் சிம்பன்சி டிஎன்ஏவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா, ஒப்பிட முடிஞ்ச இடங்கள்ல எழுத்து வித்தியாசம் 1 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல தான் வருது. அப்போ 7 சதவீதம் மாறின ஆளு எப்டிங்க மனுஷனாவே இறங்கி வந்து பேட்டி குடுத்துட்டு இருந்தாரு?

நாசா அப்புறம் விளக்கம் குடுத்துச்சு. டிஎன்ஏ அடிப்படையில மாறல, ரெண்டு பேரும் இன்னமும் ஒத்த இரட்டையர் தான். மாறினது ஜீன் எக்ஸ்பிரஷன், அதாவது எந்த ஜீன் எவ்ளோ வேலை செய்யுதுங்கிறது, அதுவும் விண்வெளியில மாறினதுல பெரும்பகுதி பூமிக்கு வந்ததும் பழைய நிலைக்கு திரும்பிடுச்சு, திரும்பாம மீந்தது தான் அந்த 7.

இந்த குழப்பம் ஒரு தடவை நடந்து முடிஞ்ச விஷயம் இல்ல. ‘டிஎன்ஏ மாறிடுச்சு’ங்கிற ஒரே வரிய வச்சு மூணு வேற வேற விஷயத்த சொல்றாங்க: டிஎன்ஏ எழுத்தே மாறுறது, ஒரு ஜீன் இப்போதைக்கு கூடவோ குறைச்சலாவோ வேலை செய்றது, அந்த ஜீன் மேல நிலைச்சு நிக்கிற ஒரு அடையாளம் மாறுறது. மூணையும் தனித்தனியா பிரிச்சு பாத்துட்டா மத்ததெல்லாம் ஈஸி.

ஒரு பாடப்புத்தகம், ஒரு பென்சில்

ஒரு பாடப்புத்தகத்த நினைச்சுக்கோங்க. எல்லா செக்‌ஷனுக்கும் ஒரே புத்தகம், ஒரே அச்சு. ஆனா ஏ செக்‌ஷன் டீச்சர் மூணாவது பாடத்து மேல பென்சில்ல கோடு போட்டு இது போர்ஷன்ல இல்லன்னு சொல்லிட்டாங்க, பி செக்‌ஷன்ல அதே பாடம் தான் முக்கியம், ஓரத்துல டிக் அடிச்சிருக்கு. ரெண்டு செக்‌ஷன் பிள்ளைங்களும் படிக்கிறது வேற வேற, புத்தகத்துல ஒரு எழுத்து கூட மாறல.

இப்போ இன்னொரு நிலைமை. அச்சடிக்கும்போதே ஒரு வரியில ஒரு எழுத்து தப்பா விழுந்திடுச்சு. இதுக்கும் பென்சிலுக்கும் சம்பந்தமே இல்ல, ரப்பர் போட்டு அழிச்சாலும் போகாது, அந்த புத்தகத்த பாத்து எத்தன காப்பி அடிச்சாலும் அந்த தப்பும் கூடவே வரும்.

அச்சுப்பிழை தான் மியூட்டேஷன். பென்சில் குறி தான் எபிஜெனெடிக் மாற்றம். இந்த ஒப்பீடு எங்க வரைக்கும் தாங்கும், எங்க உடையும்ங்கிறத போகப் போக பாக்கலாம், ஏன்னா ஒரு இடத்துல உடையும்.

எழுத்து மாறுறது: மியூட்டேஷன்

டிஎன்ஏங்கிறது நாலே நாலு எழுத்துல எழுதின நீளமான வரிசை. ஏ, டி, ஜி, சி, அவ்ளோ தான். மனுஷனுக்கு ஒரு செட்டுல சுமார் 300 கோடி எழுத்து, அம்மாகிட்டேர்ந்து ஒரு செட், அப்பாகிட்டேர்ந்து ஒரு செட். இந்த வரிசையில ஒரு புரோட்டீன எப்டி செய்யணும்னு சொல்ற பகுதிய ஜீன்னு வச்சுக்கலாம், அப்டிப்பட்ட ஜீன் நமக்கு சுமார் 20,000 இருக்கு. ஜீன்ல ஒவ்வொரு மூணு எழுத்தும் சேந்து, புரோட்டீன்ல அடுத்து எந்த அமினோ அமிலம், அதாவது புரோட்டீன கோத்து செய்ற துண்டு, வரணும்னு சொல்லுது.

இந்த எழுத்து வரிசையில வர்ற மாற்றம் தான் மியூட்டேஷன். ஒரு எழுத்துக்கு பதிலா இன்னொன்னு வரலாம், ஒன்னு விட்டுப்போகலாம், புதுசா ஒன்னு நுழையலாம், சில சமயம் ஒரு பெரிய துண்டே காணாம போகலாம்.

எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் சிக்கிள் செல் அனீமியா. ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கிற ஹீமோகுளோபினோட ஒரு பகுதிக்கான ஜீன்ல, ஜிஏஜின்னு இருக்க வேண்டிய இடத்துல ஜிடிஜின்னு இருக்கு. மாறினது ஒரு எழுத்து. அதனால குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்துல வேலின் வந்து உக்காந்துடுது. ஆக்சிஜன இறக்கி வச்சதுக்கப்புறம் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்னோட ஒன்னு ஒட்டி நீள நீளமா கம்பியாகி, வட்டமா இருக்க வேண்டிய சிவப்பணுவ அரிவாள் மாதிரி வளைச்சிடுது. 300 கோடியில ஒரு எழுத்து, ஆயுசு பூரா வலி. அதே சமயம் ரெண்டு காப்பியில ஒன்னுல மட்டும் இந்த மாற்றம் இருந்தா பெரும்பாலும் நோய் வர்றதில்ல, மலேரியாலேர்ந்து ஓரளவு பாதுகாப்பு கூட கிடைக்குது, அதனால தான் மலேரியா அதிகமா இருந்த பகுதிகள்ல இது இவ்ளோ பரவலா தங்கியிருக்கு. மியூட்டேஷன்னாலே கெட்டதுன்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒன்னே போதும்.

இன்னொன்னும் சொல்லணும். மியூட்டேஷன்ங்கிறது அபூர்வமான விபத்து இல்ல. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத புது எழுத்து மாற்றம், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் 60லேர்ந்து 70 இருக்கு. உங்களுக்கும் இருக்கு எனக்கும் இருக்கு, பெரும்பாலானது எந்த வம்புக்கும் போகாத இடத்துல உக்காந்திருக்கு.

எப்டி வருது? செல் பிரியும்போது முழு டிஎன்ஏவையும் காப்பி எடுக்கணும், திருத்துறதுக்கு ஏற்பாடு இருந்தும் ஒன்னு ரெண்டு தப்பிடும். வெயில்ல இருக்கிற புற ஊதாக்கதிர், புகையிலைப் புகை இதெல்லாமும் எழுத்த சேதப்படுத்தும். ஆனா தோல் செல்லுல வந்த மியூட்டேஷன் பிள்ளைக்கு போகாது. முட்டையிலயோ விந்துவுலயோ இருக்கிறது தான் போகும்.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோ தான்: எழுத்தே மாறினா மியூட்டேஷன், அது நல்லதாவும் இருக்கலாம் கெட்டதாவும் இருக்கலாம் ஒன்னுமில்லாததாவும் இருக்கலாம், தானா அழிஞ்சு பழைய எழுத்து திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம்.

படிக்கிறது மாறுறது: ஜீன் எக்ஸ்பிரஷன்

உங்க கல்லீரல் செல்லுக்கும் மூளை நரம்பு செல்லுக்கும் டிஎன்ஏ கிட்டத்தட்ட ஒன்னு தான். ஒன்னு விஷத்த முறிக்குது, இன்னொன்னு மின்சிக்னல் அனுப்புது. ஒரே புத்தகம், படிக்கிற பாடம் வேற.

ஒரு ஜீன படிச்சு, அதுலேர்ந்து ஆர்என்ஏன்னு ஒரு தற்காலிக நகல் எடுத்து, அந்த நகல வச்சு புரோட்டீன் செய்றது, இந்த மொத்த வேலைக்கும் பேரு தான் ஜீன் எக்ஸ்பிரஷன். எவ்ளோ நகல் எடுக்கணும்ங்கிறத நிமிஷத்துக்கு நிமிஷம் செல் முடிவு பண்ணுது. ஓடினா சில ஜீன்கள் ஏறும், தூங்கினா சிலது இறங்கும், காய்ச்சல் வந்தா வேற சிலது எகிறும். இதெல்லாம் டிஎன்ஏல போய் உக்காந்து எந்திரிக்கிற சில புரோட்டீன்கள் செய்ற வேலை.

நல்லா படிச்சவங்களே வழுக்குற இடம் ஒன்னு இங்க இருக்கு. எக்ஸ்பிரஷன் மாறினா அது எபிஜெனெடிக்ஸ்னு உடனே எழுதிடுறாங்க. அப்டி இல்ல. காரணம் போனதும் மாற்றமும் போயிடுச்சுன்னா அது சாதாரண ஏத்த இறக்கம். மாற்றத்துக்கு காரணமா இருந்தது போன பிறகும், செல் ரெண்டா பிரிஞ்ச பிறகும், அடையாளம் அப்டியே தங்குனா தான் எபிஜெனெடிக்ஸ்ங்கிற பேர அதுக்கு குடுக்குறதுல நியாயம் இருக்கு. ஸ்காட் கெல்லி செய்தியில சொன்ன 7 சதவீதம் எக்ஸ்பிரஷன் கணக்கு, எழுத்துக் கணக்கே இல்ல.

பென்சில் குறி எதால ஆனது?

ரெண்டு வகை அடையாளத்த தெரிஞ்சுகிட்டா ஆரம்பத்துக்கு போதும்.

முதல்ல மெத்திலேஷன். மெத்தில்னா ஒரு கார்பனும் மூணு ஹைட்ரஜனும் சேந்த ஒரு குட்டி துணுக்கு. இத டிஎன்ஏல சி எழுத்து மேல ஒட்ட வைக்கிறது தான் மெத்திலேஷன். நம்ம உடம்புல பெரும்பாலும் சி-க்கு அடுத்து ஜி வர்ற இடத்துல தான் ஒட்டுது. சி இன்னமும் சி தான், எழுத்து மாறல, ஆனா ஒரு ஜீனோட ஆரம்பப் பகுதியில இந்த துணுக்கு நெறைய ஒட்டிடுச்சுன்னா அந்த ஜீன பொதுவா செல் படிக்கிறதில்ல.

ரெண்டாவது ஹிஸ்டோன். ஒரு செல்லுல இருக்கிற டிஎன்ஏவ நீட்டி வச்சா சுமார் 2 மீட்டர் வரும், அது கண்ணுக்கே தெரியாத நியூக்ளியஸுக்குள்ள அடங்கணும். அதுக்காக ஹிஸ்டோன்னு சொல்ற புரோட்டீன்கள் எட்டு எட்டா சேந்து நிக்க, ஒவ்வொரு கூட்டத்த சுத்தியும் சுமார் 147 எழுத்து நீளம் டிஎன்ஏ சுத்திக்குது. இந்த ஹிஸ்டோன் மேலயும் துணுக்குகள் ஒட்டும். அசிட்டைல்னு ஒரு துணுக்கு ஒட்டினா சுத்து தளரும், படிக்கிற மெஷினரி உள்ள போக வழி கிடைக்கும். அத எடுத்துட்டா இறுகும், பாடம் மூடிக்கும்.

சரி, செல் பிரியும்போது இந்த குறியெல்லாம் என்ன ஆகுது? எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச பகுதி இது தான். டிஎன்ஏ ரெண்டு இழை. காப்பி எடுக்கும்போது ரெண்டும் பிரிஞ்சு, ஒவ்வொரு பழைய இழைக்கும் புதுசா ஒரு ஜோடி இழை உருவாகுது. பழைய இழையில மெத்தில் இருக்கும், புது இழை வெறுமையா இருக்கும். டிஎன்எம்டி1ன்னு ஒரு என்சைம், அதாவது வேதிவினைய வேகப்படுத்துற ஒரு புரோட்டீன், பின்னாடியே வந்து, ஒரு பக்கம் மட்டும் மெத்தில் இருக்கிற இடத்த கண்டுபிடிச்சு, மறுபக்கமும் அதே இடத்துல ஒட்டிட்டு போகுது. அதனால தான் கல்லீரல் செல் பிரிஞ்சா கல்லீரல் செல்லே வருது, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து முடிவு பண்ண வேண்டியதில்ல.

ஒப்பீடு உடையுதுன்னு சொன்னேனே, அது இங்க தான். பாடப்புத்தகத்துல குறி போட ஒரு டீச்சர் இருக்காங்க. செல்லுக்குள்ள அப்டி யாரும் உக்காந்து முடிவு பண்றதில்ல. சிக்னல், என்சைம், ஏற்கனவே இருக்கிற குறி, இவ்ளோ தான், மொத்தமும் வேதியியல்.

சுருக்கமா: எழுத்த தொடாம, எழுத்து மேலயோ அது சுத்தியிருக்கிற புரோட்டீன் மேலயோ ஒட்டுற துணுக்கு, பிரிஞ்ச செல்லுக்கும் போகும், அழிக்கவும் முடியும்.

பூனை சாட்சி

நம்ப முடியலன்னா மூணு கலர் பூனைய பாருங்க. கருப்பு, ஆரஞ்சு, வெள்ளை திட்டுத்திட்டா இருக்கிற பூனை அனேகமா எப்பவும் பெண் பூனை தான். ஆரஞ்சா இல்லையாங்கிறத தீர்மானிக்கிற ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு (குரோமோசோம்னா டிஎன்ஏ சுருண்டு கெடக்கிற ஒரு கட்டு). பெண் பூனைக்கு ரெண்டு எக்ஸ். கரு சின்னதா இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒரு எக்ஸ கிட்டத்தட்ட முழுசா மூடிடுது, எத மூடணும்ங்கிறது குருட்டாம்போக்குல நடக்குது, அந்த செல்லோட வாரிசெல்லாம் அதே எக்ஸ மூடியே வச்சிருக்கும். அதனால ஒரு திட்டு ஆரஞ்சு, பக்கத்து திட்டு கருப்பு. (வெள்ளை வேற ஜீன் கதை, அத விட்டுடலாம்.) பாலூட்டிகள்ல இப்டி ஒரு எக்ஸ் மூடிக்குதுன்னு 1961ல சொன்னவங்க மேரி லையன்ங்கிற மரபியல் விஞ்ஞானி.

2001 டிசம்பர்ல அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல உலகத்தோட முதல் குளோன் பூனை பிறந்துச்சு, பேரு சிசி. மூணு கலர் பூனையோட செல்லுலேர்ந்து எடுத்த குளோன். குட்டிக்கு ஆரஞ்சே இல்ல! டிஎன்ஏ அதே தான், ஆனா குளோனுக்கு எடுத்த அந்த ஒரு செல்லுல ஆரஞ்சு எக்ஸ் மூடியிருந்துச்சு, அந்த மூடி திறக்கவே இல்ல. செல்லப்பிராணிய குளோன் பண்ணா அச்சு அசலா அதே திரும்ப வரும்னு நம்புறவங்க சிசிய ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்.

ஒரே விளைவு, ரெண்டு வழி

இவ்ளோ தூரம் ரெண்டையும் பிரிச்சு பிரிச்சு பேசியாச்சு. உடம்புக்குள்ள ரெண்டும் பக்கத்து பக்கத்துல தான் இருக்கு, சில சமயம் ஒரே வேலைய ரெண்டும் செய்யும்.

எம்எல்எச்1னு ஒரு ஜீன், டிஎன்ஏ காப்பி எடுக்கும்போது வர்ற தப்ப திருத்துற குழுவுல ஒரு ஆளு. இதுல பிறவியிலேயே மியூட்டேஷன் இருந்தா லிஞ்ச் சிண்ட்ரோம்னு சொல்ற நிலை, பெருங்குடல் கேன்சர் வர்ற வாய்ப்பு அதிகம், குடும்பத்துல அடுத்தவங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கலாம். ஆனா வயசான பிறகு பெருங்குடல் கேன்சர் வர்ற பல பேருக்கு இதே ஜீன்ல எழுத்து சரியாவே இருக்கும், கட்டி செல்லுக்குள்ள மட்டும் மெத்தில் அப்பி ஜீன் வாயடைச்சுப் போயிருக்கும். இது பெரும்பாலும் பரம்பரை இல்ல. கட்டியில இந்த புரோட்டீன் இல்லன்னு தெரிஞ்சா மெத்தில் இருக்கான்னும் டாக்டருங்க பாக்குறது இதனால தான், பிள்ளைங்க டெஸ்ட் எடுக்கணுமாங்கிற கேள்விக்கு பதில் அதுல ஓரளவு தெரிஞ்சிடும்.

அழிக்க முடியும்னு சொன்னதும் சும்மா இல்ல. அசாசிட்டிடின்னு ஒரு மருந்து, எலும்பு மஜ்ஜையில ரத்த செல் சரியா முதிராத ஒரு நோய்க்கு 2004ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. மேல சொன்ன மெத்தில் ஒட்டுற என்சைம பிடிச்சு முடக்கிடும், செல் பிரியப் பிரிய புது இழையில குறி விழாது, மூடியிருந்த ஜீன்கள் சிலது திறக்கும்.

பென்சில் குறியே அச்சுப்பிழைக்கு வழி விடுறதும் உண்டு. சி எழுத்து வேதியியல்படி தானாவே கொஞ்சம் கெட்டுப்போகக் கூடியது. சாதாரண சி கெட்டா டிஎன்ஏல இருக்கவே கூடாத ஒரு எழுத்தா மாறும், திருத்துற குழு சட்டுன்னு பிடிச்சிடும். மெத்தில் ஒட்டின சி கெட்டா டி ஆயிடும். டி முறையான எழுத்தாச்சே, சந்தேகம் வராம பல தடவை தப்பிச்சிடும். மனுஷன்ல மெத்தில் ஒட்டுற இடங்கள் மியூட்டேஷனுக்கு பேர் போன இடங்களா இருக்கிறதுக்கு காரணம் இது தான்.

சிக்கிள் செல்லுக்கு 2023ல பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்ச காஸ்ஜெவிங்கிற சிகிச்சை இன்னும் சுவாரஸ்யம். அந்த ஜிடிஜிய அது திருத்தவே இல்ல. கருவுல இருக்கும்போது நமக்கு வேற ஒரு ஹீமோகுளோபின் இருந்துச்சு, பிறந்த கொஞ்ச மாசத்துல அந்த ஜீன் அமுங்கிடும். அமுக்கி வைக்கிற புரோட்டீனோட ஜீன்ல ஒரு இடத்த வெட்டி விட்டா பழைய ஹீமோகுளோபின் திரும்ப ஓட ஆரம்பிக்கும். எழுத்த மாத்தி, படிக்கிறத மாத்துறாங்க.

தாத்தா பட்ட கஷ்டம் பேரனுக்கு வருமா?

1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்தோட மேற்குப் பகுதியில ஜெர்மானியர் முற்றுகையால கொடும் பஞ்சம். அந்த சமயத்துல கருவானவங்கள அறுபது வருஷம் கழிச்சு பரிசோதிச்சப்போ, வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஐஜிஎஃப்2ங்கிற ஜீன்ல மெத்தில் அளவு, பஞ்சத்துக்கு ஆளாகாத சொந்த அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிய விட குறைவா இருந்துச்சுன்னு 2008ல வெளியிட்டாங்க. அறுபது வருஷம் ஒரு குறி நிக்குதுன்னா பெரிய விஷயம் தான்.

ஆனா கவனிங்க, பஞ்சத்த பட்டது அவங்களே, அம்மா வயித்துக்குள்ள இருந்தபடி. இதுலேர்ந்து தாத்தாவோட கவலை பேரன் டிஎன்ஏல எழுதியிருக்குங்கிற வரைக்கும் தாவுறவங்க ஒரு பெரிய பள்ளத்த கவனிக்கிறதில்ல. பாலூட்டிகள்ல முட்டையும் விந்துவும் உருவாகுறதுக்கு முந்தி ஒரு தடவை, கரு உருவானதும் ஒரு தடவைன்னு பென்சில் குறியில பெரும்பகுதி அழிஞ்சிடுது. தப்பிக்கிற இடங்கள் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா கொஞ்சம் தான். அதுவும் போக, ஒரு கர்ப்பிணிக்கு நடக்கிறது அவங்களுக்கும், வயித்துல இருக்கிற குழந்தைக்கும், அந்த குழந்தை பொண்ணா இருந்தா அதுக்குள்ள அப்பவே உருவாகிட்டு இருக்கிற முட்டைக்கும் சேத்து நடக்குது. மூணு தலைமுறை ஒரே நேரத்துல நேரடியா பாதிக்கப்படுது. நாலாவது தலைமுறையில தெரிஞ்சா தான் குறி கைமாறி வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியும்.

செடிங்க விஷயத்துல கதை வேற. 1740கள்ல தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு விசித்திரமான லினேரியாங்கிற பூச்செடிய பத்தி எழுதினாரு, பூவோட வடிவமே மாறி நாலா பக்கமும் சமமா இருந்துச்சு. 1999ல அதே மாதிரி பூக்கிற செடிய ஆராய்ஞ்சா, பூ வடிவத்த தீர்மானிக்கிற ஜீன்ல எழுத்து மாற்றம் எதுவும் காரணமா தெரியல, மெத்தில் அப்பி மூடியிருந்துச்சு. அது அடுத்த தலைமுறைக்கும் போச்சு, அப்பப்போ சில கிளையில மெத்தில் குறைஞ்சு சாதாரண பூவும் பூத்துச்சு. இந்த திரும்பி வர்ற குணம் தான் பென்சில்ங்கிறதுக்கு அடையாளம்.

விளம்பரம் பாக்கும்போது

உங்க ஜீன மாத்தி எழுதுங்க, எண்ணத்தால டிஎன்ஏவ திருத்துங்கன்னு வர்றதெல்லாம் பாத்தா எனக்கு வர்ற முதல் கேள்வி, எழுத்தா குறியான்னு தான். எழுத்துன்னு சொன்னா மூடிட்டு அடுத்த வேலைய பாக்கலாம், தியானம் பண்ணி ஜிடிஜி ஜிஏஜி ஆகாது. குறின்னு சொன்னா அடுத்து கேக்க வேண்டியது, எந்த ஜீன்ல, எந்த செல்லுல? புகைப்பழக்கம் ரத்த செல்லுல மெத்தில் குறிய மாத்துதுங்கிறது உறுதியா தெரிஞ்ச விஷயம், விட்ட பிறகு பல இடத்துல மெல்ல மெல்ல பழையபடி வருது, சில இடத்துல வருஷக்கணக்கா நிக்குது. இப்டி இடம் பேரு சொல்லி பேசினா கேக்கலாம்.

எந்த செல்லுங்கிற கேள்வி தான் பெரும்பாலும் விட்டுப்போகுது. பிறவியிலேயே இருக்கிற எழுத்து மாற்றத்த தேடணும்னா எச்சில் குடுத்தாலும் ரத்தம் குடுத்தாலும் ஒன்னு தான், புத்தகம் எல்லா செல்லுலயும் அதே. குறி அப்டி இல்ல, கல்லீரல்ல ஒன்னு, மூளையில ஒன்னு, ரத்தத்துல வேற ஒன்னு. எச்சில்ல இருக்கிறது வாயோட உள்தோல் செல்லும் வெள்ளையணுவும். அதுல மெத்தில் அளந்துட்டு உங்க மூளை ஜீன்கள் எப்டி இருக்குன்னு ஒருத்தர் ரிப்போர்ட் குடுத்தா, மூளை செல்ல எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கேளுங்க.